பழைய ஸ்பீக்கரும் பினாங்கு வீடும்

பினாங்கில் பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் மரத்தின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். தேக்கு எண்ணெய் ஒரு கை பூசி, முன்துணியைத் துலக்கி வைத்திருப்பார். நான் அந்த முன்துணியைத்தான் முதலில் கழற்றிக் காட்டச் சொல்வேன். தாழ்ந்த சுருதிகளைத் தரும் பெரிய வட்டமான வூஃபரின் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் எதனால் ஆனது என்று தெரிந்துவிட்டால் பாதி விவரம் கைக்கு வந்துவிடும். துணி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நல்ல ரப்பர் என்றாலும் அப்படியே. நுரை என்றால் விரல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

1970களிலும் 80களிலும் வந்த ஏராளமான ஸ்பீக்கர்களில் இந்த வளையம் பாலியூரிதேன் நுரை. காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைத்துவிடும். ஓடிய ஸ்பீக்கரா, உறையைப் பிரிக்காமல் கிடந்த ஸ்பீக்கரா என்பது அதற்குக் கணக்கே இல்லை. துவைத்த சட்டை கொடியில் இரண்டு நாள் கிடந்தும் காய மறுக்கும் இந்தத் தீவில் அது சீக்கிரமே போய்விடுகிறது. தொட்ட இடம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கறுப்புத் தூளாக விரலோடு வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. விலை பேச அது நல்ல பிடி. வளையம் மாற்றக்கூடிய பொருள்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் நண்பர் ஒருவரின் அட்வென்ட் ஜோடிக்கு அப்படித்தான் வளையம் மாற்றினோம். 1969இல் ஹென்றி குளோஸ் அமெரிக்காவில் கொண்டுவந்த ஸ்பீக்கர் அது, நுரை வளையம்தான். புதிய வளையம் இணையத்தில் கிடைக்கிறது. பெயரை மட்டும் நம்பாமல் கூம்பின் விட்டத்தையும் சட்டத்தின் விட்டத்தையும் அளந்து வாங்க வேண்டும். வேலையில் நேரத்தைத் தின்பது ஒட்டுவது அல்ல, பழைய பசையைச் சுரண்டுவதுதான். காகிதக் கூம்பு கிழியாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து எடுக்க வேண்டும். புதிய வளையத்தை முதலில் கூம்போடு ஒட்டிக் காயவிட்டு, பிறகுதான் சட்டத்தோடு ஒட்டுவது.

அந்த இரண்டாவது ஒட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கூம்பின் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளான ‘வாய்ஸ் காயில்’, காந்த இடைவெளியின் நட்டநடுவே நிற்க வேண்டும். இரு பக்கமும் அதற்கு இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கைப்பேசியில் 30 ஹெர்ட்ஸ் ஒலி தரும் செயலி ஒன்றை ஓட்டி, ஆம்ப்ளிஃபையரை மிகக் குறைவாகத் திறந்தோம். பசை ஈரமாக இருக்கும்போதே நண்பர் வளையத்தை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் நகர்த்த, நான் காதை அருகே வைத்துக்கொண்டேன். கூம்பு விலகி நின்றபோது சன்னமான உரசல் கேட்டது. நடுவுக்கு வந்ததும் உரசல் அற்றுப்போனது. கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடியது. அந்த நிலையில் சுற்றிலும் துணி மாட்டும் கிளிப்புகளைக் குத்தி, விடியும்வரை தொடாமல் விட்டுவிட்டோம்.

என்னிடம் இருப்பது செலஸ்டியன் டிட்டன் 15. இங்கிலாந்தில் அந்த நிறுவனம் தொழிற்சாலை வைத்திருந்த தேம்ஸ் டிட்டன் என்ற ஊரின் பெயர். 1960களில் வந்து 70களிலும் நன்றாக விற்றது. ஏறக்குறைய 53 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் மூன்று வட்டங்கள் தெரியும். ஒன்று எட்டு அங்குல வூஃபர். இன்னொன்று உயர்ந்த சுருதிகளைத் தரும் எச்எஃப் 1300 என்ற ட்வீட்டர். புகழ்பெற்ற ஸ்பெண்டார் பிசி1 ஸ்பீக்கரிலும் இதே ட்வீட்டர்தான். மூன்றாவது வட்டத்தில் காந்தமும் இல்லை, வாய்ஸ் காயிலும் இல்லை. வூஃபர் உள்ளே போகும்போது பெட்டிக்குள் அடைபட்ட காற்று அழுத்தி இதை வெளியே தள்ளுகிறது. வூஃபரால் தனியாக எட்ட முடியாத தாழ்ந்த சுருதிகளுக்கு இது கைகொடுக்கிறது.

இந்த அமைப்பால் ஒரு வசதி உண்டு. வூஃபரை நான்கு விரல்களால் பரவலாகப் பிடித்து மெல்ல உள்ளே அழுத்தினால், காந்தமில்லாத அந்த மூன்றாவது வட்டம் கண்ணெதிரே வெளியே நகர வேண்டும். நகராவிட்டால் பெட்டியில் எங்கோ காற்று கசிகிறது. காந்தமில்லா வட்டம் இல்லாத, முழுவதும் மூடிய பெட்டிகளுக்கும் இதே சோதனை உதவும். 1954இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி குளோஸும் தொடங்கிய ஏஆர் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் பெட்டிக் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்துபவை. அவற்றில் அழுத்திய வூஃபர் கையை எடுத்ததும் சட்டென்று துள்ளி வந்தால் கசிவு. நிதானமாக ஊர்ந்து வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. என் ஜோடியில் ஒன்று கசிந்தது. வயர் முனையங்கள் பொருத்திய தகட்டைச் சுற்றியிருந்த பழைய தக்கைப் பட்டி சுருங்கிப்போயிருந்தது. சன்னல் இடுக்குக்கு ஒட்டும் மெல்லிய நுரைப் பட்டையை வெட்டிப் போட்டு, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சில ரிங்கிட் செலவில் தாழ்ந்த சுருதி திரும்பி வந்தது. புதிய கேபிளுக்குப் பல நூறு கொடுக்கிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது ட்வீட்டர். மல்ட்டிமீட்டரை ஸ்பீக்கரின் பின்முனையில் வைத்தால் 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 5.5க்கும் 7க்கும் இடையில் காட்டும். அது வூஃபரின் நலத்தை மட்டும்தான் சொல்லும். ட்வீட்டருக்கு முன்னால், தாழ்ந்த சுருதிகளையும் மீட்டரின் நேர்மின்னோட்டத்தையும் தடுக்கும் கெப்பாசிட்டர் நிற்பதால் மீட்டருக்கு ட்வீட்டர் தெரியவே தெரியாது. ஆகவே காதால்தான் பார்க்க வேண்டும். பழைய எஃப்எம் ரேடியோவில் மின்னல் எஃப்எம்முக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே முள்ளை நிறுத்தினால் வரும் வெறும் இரைச்சல் இதற்கு அருமையான சோதனை ஒலி. நாளிதழைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டரின் முன்னும் வைத்துக் கேளுங்கள். இடது, வலது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது மந்தம் என்று உடனே தெரிந்துவிடும்.

மந்தமாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ட்வீட்டர் அல்ல, அதற்கு வழிவிடும் கெப்பாசிட்டர். அக்காலத்தில் பல நிறுவனங்கள் செலவைக் குறைக்க முனைவேறுபாடு இல்லாத எலக்ட்ரோலிட்டிக் வகையைப் போட்டன. ஆண்டுகள் போகப் போக உள்ளே வறண்டு அதன் மதிப்பு நகர்கிறது, உள்மின்தடையும் ஏறுகிறது. என் பெட்டிகளில் இருந்தவை அச்சிட்ட மதிப்பைவிடக் கால் பங்கு அளவு கூடுதலாகக் காட்டின. அதுவும் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் இல்லை. பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து பாடுவதாகத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த பிறகு அங்கே மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து பணி ஓய்வு பெறும்வரை ஈயப்பற்று வைத்தவர். இந்த ஊரில் அப்படிப்பட்ட கைகள் ஏராளம். வானொலிப் பழுதுக் கடையைத் தேடி அலைகிறவர்கள் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பலகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான் ஈயக் கம்பியைப் பற்றவைக்கும் இரும்பின் நுனியில் வைத்து உருக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஈயத்தைச் சூடாக்காதே தம்பி, காலைச் சூடாக்கு. கால் சூடானால் ஈயம் தானாக ஓடி வரும்.”

இரும்பை அவரே வாங்கி, கெப்பாசிட்டரின் காலும் பலகையின் வளையமும் சேரும் இடத்தில் நுனியைப் படுக்க வைத்தார். இரண்டு நொடிக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைத் தொட்டார். ஈயம் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, காலைச் சுற்றி மினுமினுப்பான சிறு சரிவாக நின்றது. உருண்டையாக நின்றால் பற்றவில்லை என்று பொருளாம். மங்கலாக இருந்தால் ஆறும்போது ஆட்டிவிட்டோம் என்று பொருளாம். ஆறும்வரை ஊதக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை.

புதிதாகப் போட்டது பாலிபுரொப்பிலீன் வகை. அதே மைக்ரோஃபாரட், 100 வோல்ட் அல்லது அதற்கு மேல். உருவத்தில் பெரியது என்பதால் பிளாஸ்டிக் பட்டையால் பலகையோடு இறுகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஆடி ஓசை எழுப்பும். ஒரு எச்சரிக்கை: புதிய வகையின் உள்மின்தடை மிகக் குறைவு. வடிவமைத்தவர் பழைய கெப்பாசிட்டரின் சிறு மின்தடையையும் கணக்கில் வைத்துத்தான் ட்வீட்டரின் அளவைத் தீர்மானித்திருப்பார். மாற்றிய பிறகு ‘ச’வும் ‘ஷ’வும் காதைக் குத்தினால், கெப்பாசிட்டரோடு தொடராக அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். கழற்றிய பழையவற்றை எறியாமல் பெயரெழுதிப் பையில் போட்டு வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் கேட்பார்.

இங்கே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. கெட்டதை மாற்றலாம்; கெடாததை மேம்படுத்துகிறேன் என்று தொடங்கினால் முடிவே இல்லை. கிராஸ்ஓவர் பலகையில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்கள் வயதாவதில்லை. அவற்றைத் தடித்த கம்பிச் சுருளாக மாற்றினால் மின்தடை மாறி, வூஃபரின் சமநிலையும் மாறும். உள்ளே திணித்திருக்கும் கண்ணாடி இழையையும் குறைக்கவோ கூட்டவோ கூடாது. அதன் அளவும் வடிவமைப்பின் ஒரு பகுதி. அதைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம், இல்லாவிட்டால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பீர்கள். பழைய ட்வீட்டரைப் பிடுங்கிவிட்டுப் புதிய பட்டு டோம் ட்வீட்டர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புதிய ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாம்.

இத்தனையும் முடித்த பிறகும் என் கூடத்தில் அந்த ஜோடி சரியாகப் பாடவில்லை. மேலே கூர்மை, கீழே காலி. காரணம் வீடு. இந்தப் பெட்டிகள் எந்த அறையை எண்ணிச் செய்யப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள்: தரை முழுக்கக் கம்பளம், கனத்த திரைச்சீலை, துணி உறை போட்ட சோபா, குளிருக்காக அடைத்த கதவு. என் வீடு குளுகோரில் ஒரு வரிசை வீடு. தரை ஓடு, சுவர் சிமெண்டு, முன்னால் இரும்புக் கிரில், கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல், பின்னால் சமையலறைவரை திறந்த வழி. உயர்ந்த சுருதிகள் ஓட்டிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். தாழ்ந்த சுருதிகள் திறந்த வழியாகச் சமையலறைக்குப் போய்விடும். ரசம் கொதிக்கும் இடத்தில் பேஸ் அருமையாகக் கேட்கும்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘டிர்ர்’ என்று ஒரு சிலிர்ப்பு தொடர்ந்தால் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாய் விரித்தால் தீரும் என்பார்கள்; மெல்லிய பாயும் ஜமக்காளமும் மிக உயர்ந்த சுருதிகளை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். தடித்த கம்பளம், அதற்கு அடியில் பழைய போர்வை ஒன்று, பக்கச் சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி: எனக்கு உதவியது இந்தக் கூட்டணிதான். அலமாரியை எங்கே வைப்பது என்பதைக் கண்ணாடியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். நீங்கள் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வைத்து நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். அதில் ட்வீட்டர் தெரியும் இடம்தான் ஒலி முதலில் தெறித்து உங்களிடம் வரும் இடம். அங்கே அலமாரியோ கனத்த திரையோ இருந்தால் குரல் தெளிந்து நிற்கும்.

உயரத்துக்கு வருவோம். இந்த அளவுப் பெட்டியைத் தரையில் வைத்தால் ட்வீட்டர் முழங்கால் அளவில் நின்றுவிடும். உட்கார்ந்தவரின் காது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். மரத் தாங்கிகளை இறக்குமதி செய்து விலையேற்றி விற்கிறார்கள். நம் ஊரில் கதவுக்கும் சன்னலுக்கும் கிரில் அடிக்கும் பட்டறை ஒவ்வொரு தாமானிலும், அதாவது குடியிருப்பிலும், இருக்கிறது. 40 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு கால் தாங்கி வரைந்து கொடுத்தேன். சதுரக் குழாயில் அடித்துக் கொடுத்தார்கள். குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பி முனையை அடைத்ததும் தட்டினால் எழுந்த கணகணப்பு போய்விட்டது. பெட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டுகள்.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. ஆனால் ஒரு கணக்கு உதவும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு எதிரும் புதிருமாகச் சந்தித்தால் அந்தச் சுருதி அடங்கிப்போகும். ஒலியின் வேகத்தை நான்கு மடங்கு தூரத்தால் வகுத்தால் அது எந்தச் சுருதி என்று வரும். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. ஸ்பீக்கர் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் 87 ஹெர்ட்ஸ் வாக்கில் பள்ளம் விழும். பேஸ் கிட்டாரும் கனத்த ஆண்குரலின் அடிப்பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. தூரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும்; அதற்குக் கீழே சுவர் ஒலிக்குப் பலம் சேர்க்கும். சமையலறைக்கு ஓடிப்போன பேஸை எனக்குத் திருப்பிக் கொடுத்தது இந்த நெருக்கம்தான். அலமாரியிலோ சுவரோரத்திலோ வைக்கவென்றே செய்யப்பட்ட அக்காலப் பெட்டிகள் நெருக்கத்தைத் தாங்கும். மூலையில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து மிருதங்கத்தைத் தவிலாக்கிவிடும்.

ஒரு கையளவு நகர்த்தி ஒரே பாட்டைக் கேட்பது, மறுபடி நகர்த்துவது. சோதனைக்குக் கூட்டமான இசை வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரு குரல், தம்புரா, மிருதங்கம் போதும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் விழும் அடி ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியாகப் பிரிந்து கேட்டால் இடம் சரி. எல்லாம் ஒரே ‘தும்’மாகக் கேட்டால் இன்னும் நகர்த்த வேண்டும்.

இந்தச் சமயத்தில் இடது ஸ்பீக்கரிலிருந்து ஒரு ரீங்காரம் வரத் தொடங்கியது. சில அடிகளில் மட்டும். வூஃபரைக் கழற்றும் முன் கைப்பேசிச் செயலியில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 200வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு குறிப்பிட்ட இடத்தில் ரீங்காரம் உச்சத்துக்குப் போனது. அதே சுருதியில் நிறுத்திவிட்டுக் கூடத்தைச் சுற்றி நடந்தேன். பூசை மேடையில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விரலை வைத்ததும் ஓசை நின்றது. அதே நடையில் சன்னலில் தளர்ந்திருந்த இரண்டு கண்ணாடிப் பட்டைகளும் பிடிபட்டன. ஸ்பீக்கரைப் பழுதுக்குக் கொடுக்கும் முன் வீட்டில் உள்ள பித்தளை, கண்ணாடி, விசிறியின் மூடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையரைப் பற்றி இரண்டு செய்தி. ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் அழகானவை, மலிவானவை. ஆனால் அவற்றில் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் தகுந்த ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டாவது, குறைந்த சக்தி ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. 10 வாட் ஆம்ப்ளிஃபையரைக் கடைசிவரை முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அந்தக் கூடுதல் உயர்சுருதிச் சக்தி முழுவதும் ட்வீட்டரின் தலையில் இறங்கும். கேபிளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்பு வயர் போதும். மிச்சப் பணத்தைக் கம்பளத்தில் போடுங்கள்.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர், சிறு டார்ச் எடுத்துப் போங்கள். பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையத்தில் ஒரு கணம் தொட்டால் வூஃபர் வெளியே நகர வேண்டும். பழைய ஜேபிஎல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவை தலைகீழாக நகரும்படியே செய்யப்பட்டவை. இரண்டு பெட்டியும் ஒரே திசையில் நகர்ந்தால் போதும். டார்ச்சைப் பெட்டியின் அடிப்பக்கம் காட்டுங்கள்: பலகை உப்பியிருந்தால் வெள்ளத்தில் நின்றது, ஊசித்துளையும் மாவுத்தூளும் இருந்தால் வண்டு. கடைசியாக வூஃபரை விரல்களால் பரவலாக அழுத்திப் பாருங்கள். அசையவே அசையாமல் இறுகிப்போயிருந்தால், எங்கோ கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கும். மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உரசல் மட்டும் இருந்து, வளையம் நுரை என்றால், பாதி விலைக்குக் கேளுங்கள்.